அரசு நில வாடகை மீதான வரியில் தீயணைப்பு வண்டிக்கும் ஒரு பங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காட்டுத்தீப் புகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சியாட்டல் பக்கம் இருப்பவர்களுக்குத் தீ என்பது புகைதான். ஜன்னலைச் சாத்திவிட்டு, காற்று திசை மாறக் காத்திருப்பார்கள். கஸ்கேட் மலைத்தொடருக்கு இந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பாதியில், அது நெருப்பாகவே வருகிறது. அதை அணைக்க முதலில் ஓடுபவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை.

நான் கோதுமை வயல்களுக்கு நடுவே வசிக்கிறேன். எங்கள் தீயணைப்பு மாவட்டத்தில் (தீயணைப்புக்கென்றே தனியாக வரி வசூலிக்கும் உள்ளூர் அமைப்பு) தன்னார்வலராகச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கே பலரும் என்னைப் போலத்தான்: வேறு வேலை பார்ப்பவர்கள், அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓடுபவர்கள். இந்த மாவட்டங்கள் நடப்பது சொத்து வரியில். சொத்து மதிப்பில் 1,000 டாலருக்கு அதிகபட்சம் 1.50 டாலர்தான் விதிக்கலாம். புதுக் கட்டடங்களால் வருவது போக, மொத்த வசூலை வருடத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் ஓட்டு கேட்க வேண்டும். டீசலும் குழாயும் டயரும் அந்த 1 சதவீதத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

இதற்கு நடுவில் மாநில அரசின் நிலம் இருக்கிறது. 1889இல் வாஷிங்டன் மாநிலமானபோது நிலத்தை அளக்கப் பிரித்த 36 துண்டுகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் (டவுன்ஷிப்) 16, 36 எண்ணுள்ள துண்டுகளைப் பள்ளிகளுக்காக ஒன்றிய அரசு கொடுத்தது. ஒரு துண்டு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதனால்தான் வரைபடத்தில் அரசு நிலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. மாநில இயற்கை வளத் துறை இவற்றைக் கோதுமைக்கும் பழத்தோட்டத்துக்கும் மேய்ச்சலுக்கும் காற்றாலைக்கும் வாடகைக்கு விடுகிறது. அரசு நிலம் என்பதால் அதற்குச் சொத்து வரி கிடையாது. ஆனால் அங்கே புல் பற்றிக்கொண்டால் யாருடைய நிலம் என்று பார்த்துக்கொண்டா நிற்க முடியும்? வேலிக்கு இந்தப் பக்கம் வரி கட்டுபவரின் வயல், அந்தப் பக்கம் அரசின் வயல். நெருப்புக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் வண்டிக்கும் ஒன்றுதான்.

மேற்குப் பக்கம் நிலைமை வேறு. மரத்தை வெட்டி எடுத்துவிட்டு வரி கட்டாமல் உரிமையாளர்கள் கைவிட்ட காடுகள் ஒரு காலத்தில் கவுண்டிகளிடம் (மாநிலத்தின் உட்பிரிவான உள்ளூர் நிர்வாகங்கள்) வந்து சேர்ந்தன. 1920களிலும் 30களிலும் கவுண்டிகள் அவற்றை மாநிலத்திடம் ஒப்படைத்தன. 5 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கும். அந்தக் காடுகளின் வருமானத்தில் நிர்வாகத்துக்கென்று கால் பங்கு வரை துறை எடுத்துக்கொள்கிறது. மீதி கவுண்டிக்குத் திரும்பிப் போய், அங்குள்ள நூலகம், மருத்துவமனை, தீயணைப்பு மாவட்டம் வரை பிரிகிறது. ஆக, அரசு நில வருமானத்தை உள்ளூரோடு பகிர்வது இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. ஆனால் அந்தக் காடுகள் பெரும்பாலும் மேற்கே இருக்கின்றன.

பள்ளிக்கூடக் காசில் கை வைக்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. அந்த வாடகை பள்ளிகளுக்கே போகட்டும். வாடகைக்கு மேல் வசூலாகும் வரியைப் பற்றித்தான் பேசுகிறேன். பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர், சொத்து வரிக்குப் பதிலாக வாடகையில் 12.84 சதவீதம் குத்தகை வரி கட்ட வேண்டும். 100 டாலர் வாடகை என்றால் வரி 12.84 டாலர். இதில் உள்ளூருக்கு வருவது 6 டாலர் வரைதான். ஊர்ப்புறத்தில் அந்த 6 டாலரைக் கவுண்டி, சொத்து வரியைப் பிரிப்பது போலவே பிரிக்கிறது. அதில் தீயணைப்புக்கு வந்து சேர்வது சில்லறை. மீதி 6.84 டாலர் மாநிலப் பொது நிதிக்குப் போய்விடுகிறது.

அந்த 6.84இல் ஒரு பகுதியை, குத்தகை நிலம் எந்தத் தீயணைப்பு மாவட்டத்துக்குள் இருக்கிறதோ அந்த மாவட்டத்துக்கே கொடுக்கட்டும் என்கிறேன். பாதி கொடுத்தால்கூடப் போதும். மரம் வெட்டினால்தான் காட்டு வருமானம் வரும், மரவிலை விழுந்தால் அதுவும் விழும். வாடகை ஒப்பந்தப்படி வருவது. அதை நம்பி ஒரு தண்ணீர் வண்டிக்குத் தவணை போடலாம். புதிதாகக் காற்றாலையும் சூரியத் தகடும் வரும் இடங்களில், அந்த வேலைக்கேற்ற பயிற்சியும் தரலாம்.

2020 செப்டம்பர் 7 அன்று விட்மன் கவுண்டியில் மால்டன் என்ற சிற்றூர் எரிந்தது. சுமார் 200 பேர் வாழ்ந்த ஊர். பலத்த காற்றில் ஒரே பிற்பகலில் ஐந்தில் நான்கு பங்குக் கட்டடங்கள் போய்விட்டன. தபால் நிலையமும், ஊர் அலுவலகமும், தீயணைப்பு நிலையமும்கூட எரிந்துபோயின. அன்று அடித்த காற்றில் இன்னும் நான்கு வண்டிகள் இருந்திருந்தாலும் ஊர் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைப் போன்ற சின்ன மாவட்டங்கள் பழைய வண்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டும்போது, அந்த நாளின் நினைவு வராமல் இருப்பதில்லை.

மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை கூடுகிறது. குழுக் கூட்டங்களில் வீட்டிலிருந்தே இணையம் வழியாகச் சாட்சியம் சொல்லலாம். மேற்கே இருக்கும் வாசகர்கள் தங்கள் பிரதிநிதிக்கு இது பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பேருதவியாக இருக்கும். அங்கேதான் ஓட்டுகள் அதிகம்.

இப்படிக்கு,
கிழக்கு வாஷிங்டனிலிருந்து ஒரு வாசகர்