பழி பயோகேஸ் மேல், பழுது கம்ப்ரஸரில்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
நகர எரிவாயு விநியோக நிறுவனம்.

பொருள்: சத்தி சாலை சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) நிலையத்தில் தொடரும் அழுத்தக் குறைவு, கேஸுடன் எண்ணெய் வருவது, இவற்றுக்கு நீங்கள் அனுப்பிய பதிலை ஏற்க மறுப்பது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். சத்தியமங்கலத்திலிருந்து கோவை பூ மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகும் சிறு சுமை வண்டிகள் எங்களுடையவை. தவணை, டிரைவர் பேட்டா, எரிபொருள் கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஒரு வண்டியை என் வீட்டுக்காரரே ஓட்டுகிறார். உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்தபோது, "டிரைவரைப் பேசச் சொல்லுங்க மேடம், டெக்னிக்கல் விஷயம்" என்றார் ஒரு தம்பி. அந்த டெக்னிக்கல் விஷயத்தைத்தான் இப்போது எழுத்தில் தருகிறேன்.

மல்லிகைக்கு நேரம்தான் விலை. விடியுமுன் பறித்த அரும்பு மதியத்துக்குள் விரிந்துவிட்டால் வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்துவிடுவார். அதனால் எங்கள் வண்டிகள் இரவே கேஸ் நிரப்பி நிற்க வேண்டும். பெட்ரோல் மாடலைவிடக் கூடுதல் விலை கொடுத்து சிஎன்ஜி மாடல் வாங்கினோம். வங்கியில் அந்தக் கூடுதலுக்கும் சேர்த்துத்தான் தவணை போகிறது. உங்கள் நிலையம் வழியிலேயே இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் எடுத்த முடிவு அது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். எங்கள் வண்டியின் சிலிண்டர் 70 லிட்டர் நீர்க்கொள்ளளவு கொண்டது. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 11 கிலோ கேஸ் பிடிக்கும். உங்கள் நிலையத்தில் பெரும்பாலான இரவுகளில் மிஷின் 130, 140 பாரிலேயே நின்றுவிடுகிறது. அப்படியானால் உள்ளே இருப்பது 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கிலோ கணக்கில்தானே பணம் வாங்குகிறோம், குறைவாக ஏறினால் குறைவாகத்தானே பில் வருகிறது என்று உங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. பில் சரிதான். ஆனால் கோவை போய்த் திரும்ப வேண்டிய வண்டி, திரும்பும் வழியில் அன்னூர் தாண்டுவதற்குள் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதே, அந்தப் பில்லை யார் தருவது? வழியில் கேஸ் தீர்ந்தால் இருப்பது 5 லிட்டர் அவசர பெட்ரோல் டேங்க். அதில் ஓட்டினால் அன்றைய வாடகையில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அழுத்தம் ஏன் குறைகிறது என்பதை உங்கள் நிலையத்தில் வேலை செய்யும் பையன்களே பலமுறை விளக்கிவிட்டார்கள். இது குழாய் வராத நிலையம். குழாயில் கேஸ் வரும் தாய் நிலையத்தில் 250 பார் அளவுக்கு நிரப்பிய சிலிண்டர் அடுக்கை, நீங்கள் கேஸ்கேட் என்று சொல்வதை, லாரியில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். முதலில் வரும் வண்டிகளுக்கு நன்றாக ஏறுகிறது. நிரப்ப நிரப்ப அடுக்கில் அழுத்தம் இறங்கும். ஒரு கட்டத்தில் லாரி சிலிண்டரும் வண்டி சிலிண்டரும் சமமாகிவிட்டால் அதற்குமேல் ஒரு கிராம்கூட நகராது. அந்த இடத்தில் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கத்தான் பூஸ்டர் கம்ப்ரஸர். உங்கள் பூஸ்டர் பல வாரங்களாக முக்கி முனகுகிறது. சில இரவுகளில் ஓடவே இல்லை. "அடுத்த கேஸ்கேட் வர்ற வரைக்கும் இவ்வளவுதான் ஏறும்ண்ணா" என்பது இப்போது அங்கே வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. அந்த நேரத்திலும் உங்கள் செயலியில் நிலையத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. அதை நம்பி ஆட்டோக்காரர்கள் புளியம்பட்டியிலிருந்து வருகிறார்கள். பாவம்.

பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் பதிவு செய்கிறேன். நாசில் மாட்டும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கிழிந்து உஸ்ஸென்று கேஸ் கசியும்போது, சுண்டுவிரலில் மோதிரம்போல மாட்டி வைத்திருக்கும் உதிரி ஓ-ரிங்கைக் கழற்றி, எச்சில் தொட்டு, ஒரே அழுத்தில் பொருத்திவிடுகிறான் ஒருவன். அந்த ரிங்கைக்கூட அவன் கைக்காசில் வாங்குவதாகக் கேள்வி. அது உண்மையானால் அதற்காகவே உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அடுத்தது எண்ணெய். எங்கள் வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் திணறியது. மெக்கானிக் கேஸ் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். கீழே விரித்திருந்த செய்தித்தாளில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று வழிந்தது. கட்டைவிரலில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, "கம்ப்ரஸர் ஆயில்க்கா, வண்டி ஆயில் இல்ல" என்றார். ரெகுலேட்டர், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. பில்லும் படங்களும் இணைத்திருக்கிறேன். அதே வாரத்தில் அவரிடம் இதே கோளாறோடு வந்த மற்ற வண்டிகளும் உங்கள் நிலையத்தில் நிரப்பியவைதான்.

இவ்வளவையும் நான் மின்னஞ்சலில் எழுதினேன். நீங்கள் அனுப்பிய பதிலைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதமே தேவைப்பட்டது. அதில் நீங்கள் சொன்னதன் சாரம்: அரசின் கொள்கைப்படி இப்போது இயற்கை எரிவாயுவில், சாணத்திலும் கழிவிலும் எடுக்கும் பயோகேஸ் கலக்கப்படுகிறது, அதனால் மைலேஜிலும் வண்டி ஓட்டத்திலும் சிறு மாற்றங்கள் தெரியலாம், வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிலைய வாசலில் பச்சை இலை படம் போட்டு, "விவசாயியின் கழிவில் ஓடும் நாளைய வாகனம்" என்று பெரிய பலகை வைத்திருப்பதும் நீங்கள்தான். விளம்பரத்துக்குச் சாணம் வேண்டும், பழி போடவும் அதே சாணமா?

சரி, பயோகேஸ் கலக்கும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நகர எரிவாயு நிறுவனங்கள் பயோகேஸ் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன்படி 2025-26-இல் 1 சதவீதம், அடுத்த ஆண்டு 3, அதற்கடுத்து 4, 2028-29 முதல் 5 சதவீதம். நூற்றில் ஒன்றோ மூன்றோ பங்கு கலந்ததற்காக வண்டி மேட்டில் ஏறாமல் திணறும் என்று எந்த மெக்கானிக்கிடமும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அதைவிட மிக அதிகமாகக் கலக்கிறீர்கள் என்றால் அது வேறு கதை. அப்போது அதை எங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏன் என்பதற்கு வருகிறேன்.

சாணக் குழியிலோ கரும்பாலைக் கழிவிலோ முதலில் வரும் வாயுவில் எரியும் பொருளான மீத்தேன் பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி கரியமில வாயு, கூடவே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, ஈரம். அதை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. சுத்திகரித்த பிறகு மீத்தேன் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும், ஹைட்ரஜன் சல்பைடு சேர்த்து மொத்தக் கந்தகம் கன மீட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, ஈரம் 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 16087 சொல்கிறது. இந்தப் படிகளைத் தாண்டி வந்த மீத்தேனும் கப்பலில் வந்து இறங்கும் எல்என்ஜியின் (திரவமாக்கிய இயற்கை எரிவாயுவின்) மீத்தேனும் ஒரே பொருள். எஞ்சினுக்கு அதன் பூர்வீகம் தெரியாது. நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் 2020 வாக்கிலேயே இப்படி எடுத்த கேஸை வாகனங்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தூரில் நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் ஆலை 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்த ஊர்ப் பேருந்துகள் அந்தக் கேஸில் ஓடுகின்றன. சுவீடனில் வாகனங்களுக்கு விற்கும் கேஸில் 90 சதவீதத்துக்கு மேல் பயோமீத்தேன்தான், அதாவது சுத்திகரித்த பயோகேஸ்தான். அந்தக் குளிரிலேயே ஓடுகிறதென்றால் சத்தியில் ஓடாதா?

இன்னொன்று. சரியாகச் சுத்திகரிக்காத பயோகேஸால் துரு வரும், மைலேஜ் குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 200 பாரை 130 பாராக அது எப்படிக் குறைக்கும்? கம்ப்ரஸர் எண்ணெய் எந்த மாட்டின் வயிற்றிலிருந்து வருகிறது? அழுத்தம் உங்கள் பூஸ்டரின் வேலை. எண்ணெய் அதன் தேய்ந்த பிஸ்டன் ரிங்கிலிருந்தும், நேரத்தில் மாற்றாத எண்ணெய் வடிகட்டியிலிருந்தும் வருவது. இரண்டுக்கும் பராமரிப்புப் பதிவேடு இருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டேன். அந்த வரிக்கு மட்டும் உங்கள் பதிலில் பதிலே இல்லை.

எவ்வளவு கலக்கிறீர்கள் என்பதை ஏன் எங்களிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு வருகிறேன். நீங்கள் விற்பது எடைக்கு. மீத்தேன் மூலக்கூறின் எடை 16, கரியமில வாயுவின் எடை 44. எரியாத வாயு கனமானது. கேஸில் அது கொள்ளளவில் கொஞ்சம் கூடினாலே கிலோவில் நிறையக் கூடும். தர நிர்ணயத்தின் கீழ் எல்லையில், 90 சதவீதம் மீத்தேனோடு, ஒரு கேஸை விற்றால், ஒரு கிலோவில் எரியும் பொருள் 800 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். சட்டப்படி அது தவறில்லை, ஆனால் சுத்தமான மீத்தேனுக்கு இணையான விலையில் விற்றால் எங்களுக்கு நட்டம். மண்டியில் ஈரப் பூவுக்கும் காய்ந்த பூவுக்கும் ஒரே எடையில் ஒரே விலை போட்டால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? 1 சதவீதக் கலப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 5 சதவீதத்திலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் பக்கத்திலேயே ஓர் ஆலை வந்து, அங்கிருந்து நேராகக் கேஸ்கேட் நிரப்பி எங்கள் நிலையத்துக்கு அனுப்பத் தொடங்கினால், எங்களுக்கு வருவது முழுக்க முழுக்க பயோமீத்தேனாகவே இருக்கும். அது வரட்டும், சந்தோஷம்தான். எங்கள் ஊரில் சாணத்துக்கும் கழிவுக்கும் காசு வந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அன்றைய கேஸில் மீத்தேன் எத்தனை சதவீதம் என்று விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள், போதும்.

எங்கள் பக்கம் விதிகளில் ஒரு தளர்வும் கிடையாது என்பதையும் பாருங்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை. அந்தத் தேதி ஒரு நாள் தாண்டினாலும் உங்கள் நிலையத்தில் கேஸ் கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவீர்கள். அது நியாயம், உயிர் விஷயம். அதே கறார் உங்கள் கம்ப்ரஸரிடமும் இருக்கட்டும்.

1998-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி டெல்லிப் பேருந்துகளை சிஎன்ஜிக்கு மாற்றியபோது, கேஸுக்காக விடிய விடிய வரிசை நின்ற கதை ஊருக்கே தெரியும். அங்கும் குறை எரிபொருளில் இல்லை. போதிய நிலையங்களும் கம்ப்ரஸர்களும் இல்லாததுதான். ஆனாலும் அந்த நாட்களில் சிஎன்ஜியையே வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. இங்கும் இப்போது அப்படித்தான் பேச்சு தொடங்கியிருக்கிறது. "சாணி கேஸ் கலக்கறாங்களாம், வண்டி கெட்டுப்போகுதாம்" என்று மார்க்கெட்டில் டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஆரம்பம் உங்கள் மின்னஞ்சல்தான். பதில் வந்த மறுநாளே எங்கள் டிரைவர் ஒருவர் அதைப் படித்துக்காட்டி, வண்டியை டீசலுக்கு மாற்றிவிடலாமா அக்கா என்று கேட்டார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பூஸ்டர் கம்ப்ரஸரையும் எண்ணெய் வடிகட்டியையும் உடனே பழுது பார்த்து, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். இந்த நிலையத்தில் பயோகேஸ் உண்மையில் கலக்கிறதா, எவ்வளவு என்பதைப் பரிசோதனை அறிக்கையோடு சொல்லுங்கள். கலக்கவே இல்லையென்றால், முன்பு அனுப்பிய பதில் தவறு என்று அதே மின்னஞ்சலில் திருத்தி அனுப்புங்கள். அப்புறம், செயலியில் பச்சைப் புள்ளிக்குப் பதிலாக அந்த நேரத்து அழுத்தத்தைக் காட்டுங்கள். 150-க்குக் கீழே என்று தெரிந்தால் நாங்கள் வேறு நிலையம் பார்த்துக்கொள்வோம். ஃபில்டர், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் சுத்தம் செய்த செலவைத் திருப்பித் தர வேண்டும். பூ வாடிய நட்டத்தை நான் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் ரசீது இல்லை.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இதே இணைப்புகளோடு அனுப்புவேன். பதிலை என் பெயருக்கே அனுப்பவும். டிரைவரைப் பேசச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பூ வண்டிகளின் உரிமையாளர்,
சத்தியமங்கலம்.

இணைப்பு: கேஸ் நிரப்பிய ரசீதுகள், மிஷினில் அழுத்தம் தெரியும் படங்கள், ஃபில்டரில் வழிந்த எண்ணெயின் படங்கள், மெக்கானிக் பில், உங்கள் மின்னஞ்சலின் நகல். வாடிக்கையாளர் எண்ணும் வண்டி எண்களும் தனித்தாளில் உள்ளன.