கொழும்பில் ஏது உறைபனி?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், உறைபனியிலிருந்து செடிகளைக் காக்க மாலையில் பொலித்தீனால் மூடுமாறு எழுதியிருந்தீர்கள். வெள்ளவத்தையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். மின்விசிறி இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டு அக்காவோ, பத்திரிகையில் வந்ததாயிற்றே என்று தமது ஆறு கொச்சிக்காய் நாற்றுகளையும் மூடிவைத்தார். உள்ளே வியர்த்து, ஒரு வாரத்துக்குள் நான்கு நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டன.

உறைபனியை நான் அறிவேன். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். தை, மாசியில் மேகமே இல்லாமல் நட்சத்திரங்கள் தெரிந்து, காற்றும் அடங்கிவிட்டால், "இன்றைக்குப் பனி கொட்டும்" என்பார் அப்பா. எங்கள் லய வீட்டுக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்குப் பாத்திக்கு வெயில் இருக்கும்போதே தண்ணீர் விடுவார். ஈரமண் பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடும். பிறகு குச்சிகள் நட்டு, இலையில் படாதபடி சாக்கு விரிப்பார். காலையில் பனி கரைந்ததும் எடுத்துவிடுவார். குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து இறங்கும். மேட்டில் போஞ்சி தப்பியிருக்க, ஓடைப்பக்கத்துக் கிழங்கு இலைகள் மட்டும் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கிய விடியல்கள் உண்டு. தேயிலைக் கொழுந்தும் கருகும். அப்போது அம்மாவின் கூடை நிறையாது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். பனி என்றால் எங்களுக்கு அது.

உங்கள் குறிப்பை அங்குள்ள வாசகர்களுக்காகத் தை பிறக்குமுன் போடுங்கள், பொலித்தீனுக்குப் பதில் சாக்கென்று திருத்தி. கொழும்பில் எங்களுக்கு வேறு கவலைகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாடிக்குள் தண்ணீர் தேங்காமல் எப்படிப் பார்ப்பது? மூன்றாம் மாடி பால்கனியில் கடற்காற்றின் உப்புப் படிந்து கறிவேப்பிலை ஓரம் காய்கிறது. நான் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவருகிறேன், ஓரளவு தேறியிருக்கிறது. இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.

அக்காவின் மீதி இரண்டு நாற்றுகளும் இப்போது என் பால்கனியில், மூடாமல், தாழ்வாரத்தடியில் இருக்கின்றன. ஒன்று பூத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06