அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்: உள்விசாரணை நடத்தும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அரசு வழக்கறிஞர்களாக இருந்துவிட்டு, பிறகு பெரிய சட்ட நிறுவனங்களுக்கு வந்து, கம்பெனிகளுக்காக உள்விசாரணையும் நெருக்கடி மேலாண்மையும் செய்யும் உங்களுக்குத்தான் இந்த மடல். உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விசாரணை அறையில் ஓர் ஊழியர் சொன்னதாக நீங்கள் எழுதிக்கொள்வதை, அவர் எழுந்து போவதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேஜையில் இருந்தவருக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரும் சட்ட நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். ஒருநாள் மதியம் அவரை அழைத்தார்கள். அறையில் இரண்டு வக்கீல்கள். ஒருவர் கேட்டார், இன்னொருவர் எழுதினார். கேட்டவர் முன்பு அரசுத் தரப்பில் பெரிய வழக்குகளை நடத்தியவர். "நாங்கள் கம்பெனியின் வழக்கறிஞர்கள், உங்களுடைய வழக்கறிஞர்கள் அல்ல. இந்தப் பேச்சின் ரகசியக் காப்பு கம்பெனிக்கே உரியது, அதை விட்டுக்கொடுக்கும் உரிமையும் கம்பெனிக்கே" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, முதல் கேள்விக்குப் போய்விட்டார். ரகசியக் காப்பு என்றால், வக்கீலிடம் பேசியதை வெளியிடும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாத பாதுகாப்பு. நண்பருக்குப் புரிந்தது, இவர்கள் உண்மையைக் கண்டுபிடிக்க வந்தவர்கள் என்பது மட்டும்தான். மேலாளர் சொல்லிக் கையெழுத்துப் போட்ட பில்களைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னார்.

கொஞ்ச நாளில் அந்தக் கையெழுத்துக்காகவே அவருடைய வேலை போனது. கையெழுத்துப் போடச் சொன்ன மேலாளர் வழியனுப்பு விழாவோடு ஓய்வு பெற்றார். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அப்புறம் அரசுப் புலனாய்வாளர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கையில் அவர் முன்பு சொன்னதன் சுருக்கம் இருந்தது. கம்பெனியே கொடுத்தது. அவர் கையில் எதுவும் இல்லை. ஒரு பில் எந்த மாதம் வந்தது என்று கேட்டபோது அவர் ஒன்று சொன்னார், சுருக்கத்தில் வேறொன்று இருந்தது. தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் கூட்டாட்சிச் சட்டப்படி 5 வருடம் வரை சிறை. தான் அன்று என்ன சொன்னதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஒரு பிரதி கொடுங்கள் என்று உங்களைப் போன்றவர்களிடம்தான் எழுதிக் கேட்டார். அது கம்பெனியின் ரகசியம், தர இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தான் பார்க்கக் கூடாது, அதை வைத்து ஊரில் யார் வேண்டுமானாலும் தன்னைக் கேள்வி கேட்கலாம் என்றால் ஒரு மனிதன் எப்படித் தூங்குவான்?

சட்டம் உங்கள் பக்கம் இருப்பது எனக்கும் தெரியும். 1981-இல் அப்ஜான் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து வந்ததுதான், 'நாங்கள் உங்களுடைய வழக்கறிஞர்கள் அல்ல' என்ற அந்த எச்சரிக்கை வாசகம். சாதாரண ஊழியர் கம்பெனியின் வக்கீலிடம் பேசுவதற்கும் அந்த ரகசியக் காப்பு உண்டு, ஆனால் கட்சிக்காரர் கம்பெனிதான். சரி, ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளும், கம்பெனியின் நலனும் எதிரில் இருப்பவரின் நலனும் மோதும் இடத்தில் உங்கள் கட்சிக்காரர் யார் என்பதை விளக்கச் சொல்கின்றன. ஒரே மூச்சில் ஒப்பிப்பது விளக்கமா?

குறிப்பில் உங்கள் சொந்தக் கருத்தும் வழக்கு உத்தியும் கலந்திருக்கும், அதனால் காட்ட முடியாது என்பீர்கள். கருத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன தேதி, தொகை, பெயர் இவற்றை மட்டும் வாசித்து, சரியா என்று கேளுங்கள். பிரதிகூட வேண்டாம். கூட்டாட்சி நீதிமன்ற சிவில் வழக்கில், விசாரணைக்கு முன் நீதிமன்றத்துக்கு வெளியே வாக்குமூலம் அளிப்பவர் கேட்டுக்கொண்டால், தன் வாக்குமூலத்தைப் படித்துத் திருத்த 30 நாள் அவகாசம் உண்டு. வழக்கில் எதிர்த்தரப்பு சாட்சிக்கே கிடைப்பது, சொந்தக் கம்பெனி ஊழியருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

2015 செப்டம்பரில், அப்போது அமெரிக்க நீதித் துறையில் துணை அட்டர்னி ஜெனரலாக இருந்த சாலி யேட்ஸ் அனுப்பிய குறிப்பாணைக்குப் பிறகு இந்த ஆபத்து கூடியது. அரசுடன் ஒத்துழைத்ததற்கான சலுகை வேண்டுமென்றால், தவறில் சம்பந்தப்பட்ட தனிநபர்களைப் பற்றிய உண்மைகளை எல்லாம் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்றது அது. பெரிய தலைகள் தப்பக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் எளிதில் கொடுக்கக்கூடிய பெயர் கீழே இருப்பவனுடையது. அதே யேட்ஸ், அரசுப் பணி முடிந்து தனியார் சட்ட நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, அமெரிக்காவின் தேசியப் பெண்கள் கால்பந்து லீக்கில் நடந்த துன்புறுத்தல்கள் பற்றி விசாரணை நடத்தினார். அந்த அறிக்கை 2022 அக்டோபரில் வெளியானது. வீராங்கனைகள் சொன்னதை ஊரே படித்தது. கட்சிக்காரர் மனது வைத்தால் அறிக்கையையே திறந்து வைக்க முடிகிறது. நான் கேட்பது அதில் ஒரு துளிகூட இல்லை.

ஊழியரின் வாயைக் கட்டுவதும் நடக்கிறது. சட்டப் பிரிவின் அனுமதி இல்லாமல் விசாரணையைப் பற்றிப் பேசினால் வேலையே போகலாம் என்று கையெழுத்து வாங்கியதற்காக, 2015 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் கேபிஆர் என்ற பொறியியல் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 1,30,000 டாலர் அபராதம். அதன் பிறகும் என் நண்பர் அந்த அறையை விட்டு வரும்போது, மனைவியிடம்கூட இதைப் பேசலாமா என்று தெரியாமல்தான் வந்தார். நெருக்கடி மேலாண்மை என்கிறீர்கள். யாருடைய நெருக்கடி? பங்கு விலை சரிவதும் நெருக்கடிதான், ஒரு குடும்பத்தின் சம்பளம் நிற்பதும் நெருக்கடிதான். இரண்டாவதைக் கவனிக்க அந்த அறையில் ஆள் இல்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டணத்தையோ, அரசிலிருந்து தனியாருக்கு நீங்கள் வந்ததையோ நான் குறை சொல்லவில்லை. உங்கள் அடுத்த விசாரணைத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பேட்டி முடிந்ததும் குறிப்பில் உள்ள உண்மைகளை ஊழியருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தை அங்கேயே பதிவு செய்ய வேண்டும் என்று. பத்து நிமிட வேலை. தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்