எட்டாம் வசனம்

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்பு மகன் சாமுவேலுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய பணம் 5-ஆம் தேதியே வந்துவிட்டது. பணம் தவறாமல் வருகிறது, உன் குரல்தான் வரவில்லை.

இங்கே இரண்டு வாரமாக விடாத மழை. நீ இருக்கும் ஜொகூரிலும் மழை என்று செய்தியில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. விடியற்காலையில் நீ மோட்டாரில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போவதுதான் அவள் கண்ணில் நிற்கிறது. லாரிக்குப் பக்கத்தில் போகாதே. பின் டயர் தேய்ந்திருந்தால் உடனே மாற்று. பசியாறாமல் கிளம்பாதே.

தோட்டத்தில் பழைய மூன்றாம் லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். இனி அங்கேயும் செம்பனை மரங்கள்தான். ஸ்டீபன் மாமா வீட்டில் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது. நம் லயத்துப் பிள்ளை ஷிப்யார்டில் வெல்டிங் செய்கிறான் என்று அவர் கோயிலில் எல்லாரிடமும் சொல்கிறார். கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தப் பிள்ளை அப்பாவிடம் பேசி எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரியாது.

அங்கே கோயிலுக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. அந்த விஷயத்தையும் கேட்கவில்லை.

குடும்ப ஜெபத்தில் இப்போது ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம் ஓடுகிறது. விட்டுப்போன மனைவியை அவர் 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டு வந்த இடம் உனக்கு நினைவிருக்கும், ஓய்வுநாள் பள்ளியில் நீ ஒப்பித்தது. நேற்று அம்மா வாசித்தாள். 11-ஆம் அதிகாரம் வந்ததும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

தம்பி, நீ கிளம்புவதற்கு முந்தின இரவு நான் வாசித்தது அதே அதிகாரம். முறைப்படி அன்றைக்கு வரவேண்டியது சங்கீதம். உன்னைக் குத்த வேண்டும் என்றே நான் ஓசியாவைத் தேடி எடுத்தேன். ஜனங்கள் தேவனை விட்டு விலகுவதைச் சொல்லும் 7-ஆம் வசனத்தை உன்னைப் பார்த்தபடி வாசித்து, அதோடு வேதத்தை மூடிவிட்டேன். தங்கச்சி அழுதாள். நீ தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்த வசனம் எனக்குத் தெரியாமல் இல்லை. "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" எப்பிராயீம் என்பது இஸ்ரவேல் ஜனங்கள்தான். அதில் வரும் அத்மாவும் செபோயீமும் சோதோமோடு அழிந்த ஊர்கள். உன்னை அப்படி ஆக்க மனம் வரவில்லையே என்று தேவனே தவிக்கிறார். அவர்கள் இன்னும் திரும்பி வரக்கூட இல்லை, அதற்குள் இந்தத் தவிப்பு. கி.மு. 722 வாக்கில் அவர்கள் தலைநகர் சமாரியா அசீரியரிடம் விழுந்தது உண்மைதான். ஆனால் ஓசியாவின் புத்தகம் தண்டனையோடு முடியவில்லை. "நான் அவர்கள் சீர்கேட்டைக் குணமாக்குவேன்" என்று 14-ஆம் அதிகாரத்தில் வருகிறது. இத்தனை வருஷம் வாசித்தும் நான் பிள்ளைக்கு முன்னால் பாதியில் மூடினேன்.

28 வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் நான். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மரத்துக்குப் பார்த்த பக்குவத்தை உனக்குப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. உன் மேல் வருத்தம் இல்லாமலும் இல்லை, அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் அன்று இரவு நடந்ததில் தப்பு என்னுடையது.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கிடைத்தால் வா, அந்த எட்டாம் வசனத்தை நீயே வாசி. கிடைக்காவிட்டால் சரி, ராத்திரி எட்டரைக்குப் போன் போடு. ஸ்பீக்கரில் வைக்கிறேன். நீ பேச வேண்டாம், கேட்டுக்கொண்டிரு.

அந்தப் பழைய மழைக்கோட்டு கிழிந்திருந்தால் புதிது வாங்கு. மோட்டாரை மெதுவாக ஓட்டு.

அப்பா