உன் பட்டியலில் இல்லாத செலவுகள்

அன்புள்ள மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை அம்மா கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். அந்தச் சின்னத் திரையில் கணக்குப் பார்க்க எனக்குக் கண் போதவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி அப்பா, பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

ஆறு பேர், ஐந்து நாள், சிங்கப்பூர். டிக்கெட், ஹோட்டல், நுழைவுச்சீட்டு, சாப்பாடு என்று நான்கு வரி, கீழே மொத்தம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதே. இருபத்தாறு வருடம் நுவரெலியா, பண்டாரவளை, கண்டி என்று வேனில் ஆட்களை ஏற்றித் திரிந்தவன் நான். வெளிநாட்டுக் குடும்பங்கள் இதே மாதிரி நான்கு வரிப் பட்டியலோடுதான் வந்து இறங்கும். முதல் நாள் வழியில் கண்ட கடையெல்லாம் நிறுத்தச் சொல்வார்கள். நான்காம் நாள் அந்த வீட்டுத் தகப்பன் முன் சீட்டில் உட்கார்ந்து போனில் கணக்குத் தட்டிக்கொண்டு வருவார், பின்னால் ஒரு சத்தமும் இருக்காது. கண்ணாடியில் பார்த்தாலே எனக்கு விளங்கிவிடும்.

அவர்கள் காசு பெரும்பாலும் டிக்கெட்டிலோ ஹோட்டலிலோ எகிறுவதில்லை. அதெல்லாம் வரும் முன்பே கட்டி முடித்த காசு. பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைக்குப் பசிக்கும். வளைவுப் பாதையில் ஒரு கடை இருக்கும், அங்கே அவன் சொல்வதுதான் விலை. ஒரு நாளில் தண்ணீர்ப் போத்தல் எட்டு. வாந்தி எடுத்த பிள்ளைக்கு மாற்றுச் சட்டை. இப்படித்தான் போகும். அதற்காகவே நான் சீட்டுக்கு அடியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கிரீம் கிராக்கர் பக்கெட் இரண்டும் வைத்திருப்பேன். அப்படியே, நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மாத்தளைப் பக்கம் வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேனை நிறுத்தினால் அவர்கள் வாங்குகிற சாமானில் எனக்கொரு பங்கு வரும். நானும் வாங்கியிருக்கிறேன். அதனால் அங்கே எவனாவது சிரித்துக்கொண்டே "நல்ல கடை ஒன்று இருக்கிறது, வாங்க" என்று கூப்பிட்டால், அவன் பங்கும் உன் பில்லில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். சின்னவளுக்கும் முழு டிக்கெட் போட்டிருக்கிறாய். அவளுக்கு இரண்டு வயது நிறைவது ஆகஸ்ட் 19. அதற்குள் போய்த் திரும்பினால் அவள் கைக்குழந்தைக் கணக்கு. மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் கொஞ்சம்தான். ஆனால் போகிற நாளை மட்டும் பார்க்காதே. திரும்பி வருகிற விமானத்தில் இரண்டு வயது நிறைந்திருந்தால் அதற்குச் சீட் வாங்கச் சொல்வார்கள். பெரியவனின் பள்ளி விடுமுறைத் தேதி வந்தவுடன் கலண்டரை வைத்துப் பார். ஆகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம், அதை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடு. கண்டிப் பெரஹெரா நேரத்தில் அறை வாடகை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நம் ஊர் ஏப்ரல் சீசனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரயிலுக்கும் அவளுக்குக் காசில்லை. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரியவர்களோடு அங்கே இலவசமாக ஏற்றுகிறார்கள். பொங்கலுக்கு வந்தபோது கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டோமே, நேற்று அளந்து பார்த்தேன், 79. உன் கோடு அதே இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் இன்னும் தெரிகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். சின்னம்மாதான் சொன்னாள். ஆறு வருடம் அங்கே ஒரு வீட்டில் வேலை செய்தவள் அல்லவா? இரண்டு நாளாக நம் வீட்டுத் திண்ணையில்தான் பள்ளிக்கூடம். சாப்பாட்டுக்குத் தேக்கா சந்தைக்குப் போகச் சொல்கிறாள். லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறதாம். சோறு, தோசை, பிரியாணி எல்லாம் கிடைக்கும், ஆளுக்கு ஏழெட்டு டொலர் வைத்தால் போதும். நீ போட்டிருக்கிற மாதிரி தினமும் ரெஸ்டோரன்டில் சாப்பிட்டால் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பார். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம், மற்றது 9 சதவீத வரி. மெனுவில் 100 டொலர் என்றால் நீ கொடுப்பது 119 டொலர் 90 சதம். நம் ஊர் பெரிய ஹோட்டல்களிலும் சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் சேர்ந்து பில் வரும்போது ஆட்கள் முகம் மாறுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! தண்ணீர் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாமாம். பள்ளிக்கூடப் போத்தல்களை எடுத்துப் போ.

நுழைவுச்சீட்டு வரியில் ஒன்று பார்த்தேன், கரையோரப் பூங்காவில் கண்ணாடி மண்டபம் என்று. யூடியூபில் போட்டுப் பார்த்தோம். ஒரு மலையைக் கட்டி, அதன் மேலிருந்து 35 மீட்டருக்கு அருவி விட்டு, மூடுபனியும் பரப்பி வைத்திருக்கிறார்கள். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள், "இதைப் பார்க்கவா நானுஓயாவை விட்டு விமானம் ஏறிப் போகிறோம்?" இங்கே தலவாக்கலைப் பாதையில் 97 மீட்டர் டெவன் அருவி ரோட்டிலிருந்தே தெரிகிறது, ஒரு சதம் இல்லை. மூடுபனி என்றால் நம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் போதும், துணி மூன்று நாள் காயாது! ஆனாலும் அந்தச் சீட்டை வெட்டச் சொல்லவில்லை. கொழும்பில் வளர்கிற பிள்ளைகள், அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் நான்கு பேரும் உள்ளே போங்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளித் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அதற்குக் காசில்லை. இரவில் அந்தத் தோட்டத்தில் மரம் மாதிரிக் கட்டி வைத்திருக்கிற இரும்புக் கோபுரங்களில் பாட்டோடு விளக்குப் போடுவதும் சும்மாதானாம். சின்னம்மா லீவு நாளில் அங்கேதான் போய் உட்காருவாளாம். கண்ணாடி மண்டபத்துக்குள் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை.

சிங்கப்பூர் டொலரை 230 ரூபா என்று கணக்கில் போட்டிருக்கிறாய். 250 என்று மாற்றிப் போட்டு மறுபடி கூட்டு. 2022-இல் மார்ச் முதல் வாரம்வரை 200 ரூபாவை ஒட்டி நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350-ஐத் தாண்டியது. அப்படி மறுபடி நடக்கும் என்று சொல்லவில்லை. நடக்காவிட்டால் மிச்சம்தானே. கார்டில் செலவழித்தாலும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விடும். சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் உரிய காசைப் பாஸ்போர்ட், டிக்கெட்டோடு போய் இங்கேயே வாங்கி, நாளுக்கு ஒரு கவராகப் பிரித்து வை. அன்றைய கவரில் மிஞ்சினால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்.

அப்புறம் அந்தக் கடைசி வரி, "மிச்சத்தை கார்டில் 12 மாதத் தவணை". அதை வெட்டு. 2018-இல் புது வேனை நான் லீசிங்கில்தான் எடுத்தேன். மறு வருடம் ஏப்ரல் குண்டுவெடிப்பு, வந்த ஹயர் எல்லாம் ரத்து. தட்டுத்தடுமாறி எழும்பும்போது கொரோனா. அது முடிய டீசல் வரிசை. வேன் கொட்டகையில் நிற்கிறது, மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. பின் சீட்டில் நம் செவலைக் கோழி முட்டையிட்டு அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்தது. அம்மா அதை உனக்குச் சிரிப்பாகத்தான் சொன்னாள், நீயும் சிரித்தாய். அந்த மாதம் அவள் தாலிக்கொடி அடகுக் கடையில் இருந்தது. அப்போது உனக்குச் சொல்லவில்லை. வேனாவது ஓடினால் சம்பாதிக்கிற பொருள். போய் வந்த பயணத்துக்கு அடுத்த ஆகஸ்ட் வரை தவணை கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காசு சேரவில்லை என்றால் ஐந்து நாளை நான்காக்கு, இல்லையென்றால் அடுத்த வருடம் போவோம். சிங்கப்பூர் அங்கேயேதான் இருக்கும்.

எங்களை விட்டுவிட்டுப் போங்கள் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஆனால் உன் அம்மா போன கிழமையே நுவரெலியா டவுனுக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிற ஸ்டூடியோவைக் கண்டுபிடித்து விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். இனி என் பேச்சு எடுபடாது. கண்டி அலுவலகத்தில் சாதாரண சேவையில் இப்போதே கொடுத்துவிடுகிறோம், கடைசி நேரத்தில் ஒருநாள் சேவைக்குக் கூடுதல் காசு கட்ட வேண்டாம். பெரியவனின் பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா என்று நீ பார்த்துக்கொள். நமக்கு விசா வேண்டியதில்லை, அந்தச் செலவு மிச்சம். வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவதற்கும் காசில்லை, யாராவது காசு கேட்டால் அது அரசாங்கத்தின் பக்கம் அல்ல.

எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டை உன் கணக்கிலிருந்து எடுத்துவிடு. அம்மா மாதாமாதம் கட்டுகிற சீட்டுக் காசு மே மாதம் விழுகிறது, இருபது பேர், ஆளுக்கு 5,000. குறைந்தால் லீக்ஸ் வெட்டின காசு இருக்கிறது. இதில் மருமகன் வாய் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

கட்டுநாயக்காவுக்குப் போகிற வேன் செலவையும் நீ போடவில்லை. முதல் நாள் இரவே நாங்கள் பஸ்ஸில் கொழும்புக்கு வந்துவிடுகிறோம், அங்கிருந்து சேர்ந்து போகலாம். சாமான் எடையும் டிக்கெட்டில் சேர்த்தியா என்று கேள், மலிவு டிக்கெட் என்றால் அதற்குத் தனிக் காசு.

இதோடு ஒரு கவர் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. சின்னம்மா பிஸ்கட் டின்னில் இத்தனை வருடம் வைத்திருந்த சிங்கப்பூர்க் காசு, 12 டொலர் 40 சதம். கோடாலித் தைலம் வேண்டுமாம், அதுவும் அங்கே வாங்கியதாக இருக்க வேண்டுமாம். அவளுக்கு இரண்டு போத்தல், பக்கத்து வீட்டுக்கு ஒன்று, கோயில் ஐயாவுக்கு ஒன்று. லயத்து வீடுகளில் இன்னும் யார் யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை, பத்து என்று எழுதிக்கொள். அந்த வரியும் உன் பட்டியலில் இல்லை.

அன்புடன்,
அப்பா
நானுஓயா