மணியும் வருகிறானாமே

அன்புள்ள கண்ணம்மா,

வசந்த விடுமுறைக்கு நான்கு நாள் பனிமலையில் தங்கப் போகிறாய், நாய் மணியையும் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று நேற்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. போனில் பேசலாம் என்றால், நான் நாய்ப் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய நாய் கருப்பனோடு நாம் போன பயணம் உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடைசி நாள் அவனால் நடக்க முடியாமல் ஸ்லெட்ஜில் வைத்து இழுத்து வந்தோம். அவனைப் போர்வையால் மூடிவிட்டு நீ கூடவே சிரித்துக்கொண்டு ஓடி வந்தாய். உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முந்தின நாள் மதியமே பனியில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டேன். மிளகு அளவுதான் இருக்கும். அவன் வாலை ஆட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான், இவனுக்கு என்ன ஆகியிருக்கப் போகிறது என்று இன்னும் இரண்டு மணி நேரம் நடந்தேன். சாயங்காலம் பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் நான்கு காலிலும் மெத்தை தேய்ந்து தோல் உரிந்திருந்தது. நாம் நடந்தால் கூட வரும், நின்றால் நிற்கும், அதுதான் நாயின் கணக்கு. போதும் என்று அது சொல்லாது. நீதான் சொல்ல வேண்டும்.

வசந்தகாலப் பனியைக் குளிர்காலப் பனி மாதிரி நினைத்துவிடாதே. பகல் வெயிலில் மேல்பரப்பு உருகும், இரவில் மறுபடி உறையும். காலையில் அது கண்ணாடித் தகடு போல இறுகிக் கிடக்கும். சின்ன நாய் என்றால் அதன் மேல் ஓடிவிடும். மணி மாதிரி கனமான நாயின் கால் தகட்டை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும், உடைந்த விளிம்பு முன்னங்காலைக் கீறும். மதியத்துக்கு மேல் எல்லாம் கஞ்சியாகிவிடும், அடிக்கு அடி நெஞ்சு வரை புதைந்து எழ வேண்டும். நமக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் அவனுக்கு அது பத்து. ஆள் நடந்து இறுகிய பாதையிலேயே போ. முதல் நாள் குறைவாகவே நட. வாரம் முழுக்க சோபாவில் படுத்திருந்தவனை ஒரே நாளில் நாள் முழுக்க ஓட வைத்தால் மறுநாள் எழுந்து நிற்கவே யோசிப்பான்.

மணிக்கு உடம்பில் குட்டை முடிதான், ஆனால் விரலிடுக்கில் கொத்துக் கொத்தாக இருக்கிறது. ஈரப்பனி அங்கேதான் உருண்டையாக ஒட்டும். கூழாங்கல்லின் மேல் நடப்பது போல நொண்டுவான், நின்று நின்று கடித்துப் பிய்ப்பான், அதில் தோலும் சேர்ந்து வரும். புறப்படும் முன் அந்த முடியைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிடு, நகத்தையும் பார்த்துக்கொள். நாய்ப் பாதத்துக்கென்றே மெழுகு கிடைக்கும், காலையில் தடவலாம். உருண்டை ஒட்டிவிட்டால் இழுக்காதே, உள்ளங்கையில் பாதத்தைப் பிடித்துக்கொண்டால் தானே கரையும். சாலையில் உப்புத் தூவியிருந்தால் திரும்பி வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடை. உப்பு எரியும், அவன் நக்கினால் வயிற்றையும் கெடுக்கும்.

கால் உறை போடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வீட்டுக்குள் போட்டுப் பழக்கு. முதல் தடவை குதிரைச் சர்க்கஸ் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி நடப்பான், சிரிக்காதே, கோபித்துக்கொள்வான். பட்டையை ரொம்ப இறுக்கினால் ரத்தம் ஓடாமல் பாதம் சில்லிட்டுப்போகும், தளர்த்தினால் கழன்று பனிக்குள் போய்விடும். கூடுதலாக இரண்டு எடுத்துக்கொள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நின்று நான்கு பாதத்தையும் தூக்கிப் பார். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

குளிரைப் பற்றி நீ கவலைப்படுவது நடக்கும்போதாக இருக்கும். நடக்கும்போது அவனுக்குக் குளிராது. நீ உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறக்கிறாய் பார், அப்போதுதான். வயிறு நனைந்திருக்கும், காற்று அடிக்கும், நீ வெயிலில் சட்டையைத் தளர்த்திக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாய். நின்றவுடனே, அவன் நடுங்கும் வரை காத்திருக்காமல், கோட்டைப் போட்டுவிடு. படுக்க ஒரு பாய் கொடு, நீ உட்காரும் நுரை மெத்தைத் துண்டே போதும். காற்றுக்கு மறைவாக ஒரு குழி தோண்டினால் சுருண்டு படுத்துக்கொள்வான். பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குவது, முதுகைக் குறுக்குவது, கூப்பிட்டால் வராமல் நிற்பது எல்லாம் குளிருக்கு அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, அது இன்னும் மோசம். நாய்க்கு இயல்பான உடல்சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், 37க்குக் கீழே போனால் ஆபத்து. துடைத்து, போர்த்தி, உன் உடம்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்று, மருத்துவரைக் கூப்பிடு. காது நுனியோ வால் நுனியோ வெளுத்து விறைத்திருந்தால் தேய்க்கக் கூடாது.

அதே நாளில் வெயிலும் சுடும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மணியின் இளஞ்சிவப்பு மூக்குக்கு மேலிருந்தும் கீழிருந்தும் அடி. நாய்க்கான களிம்பு வாங்கு. உன்னுடையதை எடுத்துத் தடவாதே, துத்தநாக ஆக்சைடு கலந்ததை நக்கினால் அவனுக்கு விஷம். வெளியே குளிர்கிறதே என்று காருக்குள் விட்டுவிட்டும் போகாதே, வெயில் பட்டால் மூடிய கார் சீக்கிரமே அடுப்பாகிவிடும்.

தண்ணீர்! சுற்றிலும் பனிதானே என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். தாகத்துக்குப் பனியை அள்ளித் தின்றால் வயிறு கலங்கும், உள்ளே குளிரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அவன் சாப்பாட்டில் கொஞ்சம் கரைத்துக் கொடு, வாசனைக்காகவே குடிப்பான். பெரிய சாப்பாடு சாயங்காலம், நன்றாக இளைப்பாறிய பிறகு. பகலில் கொஞ்சம் கொஞ்சமாக.

ஸ்கீயில், அதுதான் பனிச்சறுக்குப் பலகையில், போகப் போகிறாய் என்றால் இதைக் கவனி. ஸ்கீயின் ஓரத்தில் இருக்கும் எஃகு விளிம்பு கத்தி. பின்னால் ஓடி வருகிற நாய் சறுக்கும்போது பக்கத்தில் பாய்ந்தால் கணுக்கால் நரம்பையே அறுத்துவிடும். சமதரையில் அவன் உனக்கு முன்னால், உன் இடுப்பில் கட்டிய கயிற்றில், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸோடு ஓடட்டும். இறக்கத்தில் ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடந்து இறங்கு. கூட வருகிறவர்கள் கிண்டல் செய்தால் செய்யட்டும்.

கயிற்றை அவிழ்க்கவும் வேண்டாம். குளிர்காலம் முடிகிற நேரத்தில் காட்டு விலங்குகள் எலும்பும் தோலுமாக இருக்கும், பல சினையாக இருக்கும். மணிக்கு விளையாட்டாகப் போகும் பத்து நிமிட ஓட்டம் அவற்றின் கடைசித் தெம்பையும் தீர்த்துவிடும். ஏரிப் பக்கமும் அதே கதை. மேலே பனி வெள்ளையாகக் கிடந்தாலும் அடியில் ஐஸ் இற்றுப்போயிருக்கும், ஓடை வந்து சேரும் இடத்தில் இன்னும் மோசம். அவன் விழுந்துவிட்டால் நீ பின்னால் இறங்காதே. இதை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அப்புறம், அறைக்குள். விடுமுறை என்றால் மேசை நிறைய சாக்லேட் இருக்கும். உலர் திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கம் எல்லாம் பையில் கிடக்கும். இவை எல்லாமே நாய்க்கு விஷம். சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்கிற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். பைகளைத் தரையில் வைக்காதீர்கள் என்று கூட வருகிறவர்களிடமும் சொல். காருக்கு ஊற்றும் கூலன்ட் சிந்தியிருந்தால் துடைத்துவிடு, அது இனிக்கும், கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். அங்கே பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரின் எண்ணைப் போகும் முன்பே போனில் போட்டுக்கொள், மலையில் சிக்னல் எப்படி இருக்குமோ.

கருப்பனின் கால் உறைகளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மணியின் பாதம் கொஞ்சம் பெரிது, பின்னங்காலுக்கு வேண்டுமானால் பொருந்தும். மூன்றுதான் இருக்கின்றன. நான்காவதைத் தேடித்தான் நீயும் நானும் இருட்டும் வரை பனியைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

அப்பா