அடைப்புக்குறிக்குள் இருந்த 65

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் ரத்த அழுத்தம் பற்றிய கட்டுரை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சராசரி அழுத்தம் என்றால் மேல் அளவையும் கீழ் அளவையும் கூட்டி இரண்டால் வகுப்பது என்று போட்டிருந்தது தவறு. 120/80 உள்ளவருக்கு அது 100 இல்லை, 93. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நேரத்தைவிட அது தளர்ந்து நிரம்பும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் கணக்கில் கீழ் அளவுக்குத்தான் கனம் அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுத்துக் கீழ் அளவோடு கூட்ட வேண்டும், அவ்வளவுதான். (நாடி ரொம்ப வேகமாக ஓடும்போது இந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வராது.)

இதில் உனக்கென்ன இவ்வளவு அக்கறை என்பீர்கள். ரத்தத்தில் கிருமி பரவி என் அப்பா ஒன்பது நாள் ஐசியுவில் இருந்தார். மானிட்டரில் 88/54 என்று பார்த்ததும் எனக்குக் கை காலெல்லாம் உதறிவிட்டது. அங்கிருந்த சிஸ்டர்தான், "மேலே இருக்கிறதை விடுங்க, அடைப்புக்குறிக்குள்ள 65 இருக்கு பாருங்க, நாங்க அதைத்தான் பார்க்கிறோம்" என்றார். அந்த அடைப்புக்குறி எண்தான் சராசரி. அப்பாவுக்கு வந்த மாதிரி செப்சிஸ் வந்தவர்களுக்கு அது 65-க்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்துவதுதான் டாக்டர்கள் முதலில் வைக்கும் இலக்காம். அதற்கும் கீழே இறங்கினால் சிறுநீரகம், மூளை இவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசை போதாமல் போகலாம்.

சரி, 65 வந்துவிட்டால் எல்லாம் ஆயிற்றா என்றால் அதுவும் இல்லை. அப்பாவுக்கு ஓடிக்கொண்டிருந்த நார்அட்ரினலின் என்ற மருந்து பெரும்பாலும் ரத்தக் குழாய்களை இறுக்கித்தான் அழுத்தத்தை ஏற்றுகிறது. தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், ஆனால் வாளி நிரம்ப முன்னைவிட நேரமாகும் இல்லையா? அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. அதனால்தான் அவர்கள் எண்ணோடு நிற்காமல் மணிக்கு மணி சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்தார்கள், விரல் நுனியை அழுத்திவிட்டு நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று கவனித்தார்கள், லாக்டேட் (உடம்புக்கு ரத்தம் போதாதபோது ஏறும் ஒரு பொருள்) எவ்வளவு என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் இன்னொன்று. வீட்டில் கையில் சுற்றும் தானியங்கி பிரஷர் மிஷின் நேரடியாகப் பிடிப்பதே இந்தச் சராசரியைத்தான், மேல் கீழ் அளவுகள் அதன்பின் மிஷின் போடும் கணக்கு. விசித்திரம் என்னவென்றால், பல மிஷின்களில் சராசரி மட்டும் திரையில் வராது.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடுங்கள், அந்த 93-ஐயும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்